புது மனையும் காய்கனித் தோட்டமும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புதிதாக வீடு கட்டிக் குடியேறுவோர் காய்கனித் தோட்டம் அமைப்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். இலக்கியத் தலைப்பு ஒன்று தருவார்கள் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு இது வியப்பாகவே இருந்தது. 33 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் நான். முல்லைக்கும் மருதத்துக்கும் உரிய மரம் எது, பூ எது, தொழில் எது என்று மாணவர் மனத்தில் பதியுமாறு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கத்தரி நாற்றையும் சுண்டைக்காய் நாற்றையும் அருகருகே வைத்தால் எது எதுவென்று சொல்ல ஐந்தாண்டுகளுக்கு முன் எனக்குத் தெரியாது.

இது எனக்கு மட்டும் உரிய குறை அன்று. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நம்மவர் வழிவழியாக உழவை நம்பி வாழ்ந்தவர்கள். ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று என்று நாம் அனைவரும் படித்திருக்கிறோம். என் மாமனார் காலம் வரை எங்கள் குடும்பத்தில் நெல்லும் மல்லாட்டையும் கரும்பும் விளைந்தன. என் கணவர் அலுவலகத்துக்குச் சென்றார். நான் பள்ளிக்குச் சென்றேன். ஒரே தலைமுறையில் மண்வெட்டி கைநழுவிப் போயிற்று. இங்கு அமர்ந்திருக்கும் பல குடும்பங்களின் கதையும் இதுவே என்று எண்ணுகிறேன்.

ஆகவே நான் இன்று சொல்லப்போவது வல்லுநர் உரை அன்று. நாங்கள் செய்த இரண்டு பிழைகளையும், அவற்றிலிருந்து கற்றவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன். முதற்பிழை மண்ணுக்குச் செய்தது. இரண்டாம் பிழை உயிருக்குச் செய்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றே, அது அவசரம்.

பணி ஓய்வுக்குப் பின் வந்தவாசி நகரின் ஓரத்தில், முன்பு மல்லாட்டைக் கொல்லையாக இருந்து மனைகளாகப் பிரிக்கப்பட்ட இடத்தில், 2400 சதுர அடி மனையில் வீடு கட்டினோம். வீட்டின் பின்புறம், வடக்குப் பக்கத்தில், 40 அடி நீளமும் 15 அடி அகலமுமாக இடம் எஞ்சியது. புதுமனை புகுவிழா முடிந்த மறுவாரமே நாற்றுப்பண்ணைக்குச் சென்றோம். மா, தென்னை, எலுமிச்சை, கொய்யா, மாதுளை, சப்போட்டா என்று கண்ணில் பட்ட 11 கன்றுகளை வாங்கி வந்து ஒரே நாளில் நட்டு முடித்தோம். நான்கு மாதங்களில் 7 கன்றுகள் பட்டுப்போயின. எஞ்சிய நான்கும் உயிரோடு இருந்தனவே தவிர வளரவில்லை.

என் மாமனாரிடம் பணி செய்த முதியவர் ஒருவர் புது வீட்டைப் பார்க்க வந்திருந்தார். பின்புறம் சென்று ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார். பிறகு, “டீச்சரம்மா, இது மண்ணே இல்ல; வீடு கட்டி மிஞ்சினது” என்றார். கடப்பாரையால் ஓரடி தோண்டிக் காட்டினார். உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி, ஓட்டுத் துண்டு, நெகிழித் தாள் எல்லாம் வந்தன. அதன்மேல் நாலங்குலம் செம்மண்ணைப் பரப்பிச் சமன்செய்துவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் அந்த நாலங்குலத்தைத்தான் நிலம் என்று நம்பியிருந்தோம்.

புது வீடு கட்டுவோர் முதலில் அறிய வேண்டியது இதுவே. சிமென்ட்டிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரம் மண்ணில் கலந்தால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் அதை ஏற்க இயலாது. இளம் இலைகள் வெளிறி மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரியும். உரம் போதவில்லை என்று எண்ணி நாம் மேலும் உரம் இடுவோம். செடி மேலும் நலியும். எனவே, வீட்டு வேலை நடக்கும்போதே கலவை குழைக்கும் இடத்தையும் செங்கல் அடுக்கும் இடத்தையும் தோட்டத்துக்கு உரிய பகுதியிலிருந்து விலக்கி வையுங்கள். அடித்தளம் தோண்டும்போது வரும் மேல்மண்ணைத் தனியே குவித்துக் காப்பாற்றுங்கள். இவ்விரண்டையும் செய்திருந்தால் எங்களுக்கு ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

அந்த முதியவர் சொன்னபடி இடிபாடுகளை இரண்டடி ஆழம் வரை அகற்றினோம். ஏரி வண்டலும் நன்கு மட்கிய தொழு உரமும் கலந்து நிரப்பினோம். பிறகு தக்கைப்பூண்டு விதைத்தோம். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. ஏறத்தாழ 45 நாளில், பூக்கும் பருவத்தில், அடியோடு அறுத்து அங்கேயே பரப்பிவிட்டோம். உழுது புதைக்கவில்லை; மூடாக்காகவே கிடந்து மட்கட்டும் என்று விட்டோம். அடுத்த மழைக்குப் பின் கையால் தோண்டும் அளவுக்கு மண் பொலபொலத்திருந்தது.

மண் பக்குவப்படும் அந்த மாதங்களில் வேறொரு வேலையும் உண்டு. அது வெயிலைப் பார்ப்பது. காய்கறிச் செடிகளுக்கு நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் வேண்டும். எங்கள் தோட்டம் வீட்டுக்கு வடக்கே இருப்பதால், மார்கழி நண்பகலில் 12 அடி உயர வீட்டின் நிழல் 9 அடி வரை தோட்டத்தில் விழுகிறது. ஆனி மாதத்திலோ கதிரவன் நம் தலைக்குச் சற்று வடக்கே செல்வதால் அந்த நிழல் தெற்கே மாறிவிடுகிறது. ஆடியில் விதைத்துத் தையில் காய்க்கும் அவரையை வீட்டுச் சுவரோரம் வைத்தால் பூக்கும் பருவத்தில் அதற்கு வெயிலே கிட்டாது. இதைத் தெரிந்துகொள்ள நூல் வேண்டா. ஒவ்வொரு மாதமும் ஒருநாள் நண்பகலில் நிழலின் எல்லையில் ஒரு குச்சியை நட்டு வைத்தால் போதும்.

அடுத்து, இடத்துக்கு ஏற்ற மரம். 600 சதுர அடியில் மாவுக்கும் தென்னைக்கும் இடமில்லை என்பதை ஒப்புக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டோம். இன்று எங்களிடம் இருப்பவை ஓர் எலுமிச்சை, ஒரு கொய்யா, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு பப்பாளி, மூன்று வாழை. ஒரு குடும்பத்துக்கு இவை போதும். அண்டை வீட்டுக்கும் மிஞ்சும். எலுமிச்சைக்கு இரண்டரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுங்கள். வாழைக்கும் பப்பாளிக்கும் ஒன்றரை அடி போதும். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே குவித்து, மேல்மண்ணோடு தொழு உரம் கலந்து முதலில் இடுங்கள். இரு வாரம் ஆறவிட்டு நடுங்கள். ஒட்டுக் கன்றாயின் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பவற்றை உடனே கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் நாம் விரும்பிய மரம் மடிந்து வேர்ச்செடியே மரமாகும். வாழையைக் குளியலறை நீர் செல்லும் வழியில் வையுங்கள். அதற்கென்று தனியே நீர் இறைக்க வேண்டியதில்லை. முருங்கையை வாசலிலிருந்தும் துணி காயும் கொடியிலிருந்தும் தள்ளி வையுங்கள். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

காய்கறிகளுக்கு ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் நமக்கு உரியவை. வெண்டை, அவரை, பாகல், புடல், பீர்க்கு ஆகியவற்றை ஆடியில் விதைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தக்காளி நாற்று அழுகும்; அதைத் தைக்கு ஒதுக்குங்கள். நால்வர் உள்ள இல்லத்துக்குக் கத்தரி 6 செடி, வெண்டை 15 செடி, புடல் 2 கொடி, பீர்க்கும் பாகலும் ஒவ்வொரு கொடி போதுமானவை. வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிடில் முற்றிவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காதீர்கள். பத்து நாள் இடைவெளியில் சிறிது சிறிதாக விதைத்தால் விளைச்சலும் சிறிது சிறிதாக வரும்.

“கொடி நிறையப் பூக்கிறது, காயே பிடிக்கவில்லை” என்று பலர் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். கொடிக்காய்களில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண்பூக்கள். அவை உதிர்வது இயல்பு. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். பூசணி விடியலில் மலரும். பீர்க்கு மாலையில் மலரும். புடல் இரவில் மலரும். அந்தந்த நேரத்தில் தேனீயோ அந்துப்பூச்சியோ வந்தால்தான் காய் உண்டு. தேனை நாம் உண்பதில்லை; ஆயினும் தேனீயின் உழைப்பு நம் இலையில் காயாக வந்து விழுகிறது. இதை எண்ணிப் பார்த்த பிறகே என் இரண்டாம் பிழையின் அளவு எனக்குப் புரிந்தது.

மண் திருந்திய பின் நட்ட எலுமிச்சை நன்றாகத் துளிர்த்தது. ஒருநாள் காலையில் துளிர்கள் எல்லாம் நடுநரம்பு மட்டும் நிற்க, தின்னப்பட்டிருந்தன. பறவையின் எச்சம் போன்ற நிறத்தில் சிறு புழுக்களும், பச்சை நிறத்தில் பெரிய புழுக்களும் இருந்தன. முன்பு 7 கன்றுகளை இழந்திருந்த எனக்குப் பதற்றம் மிகுந்தது. கடையில் கேட்டேன்; ஒரு குப்பியைக் கொடுத்தார்கள். மாலையில் தெளித்தேன். மறுநாள் காலையில் புழுக்கள் அனைத்தும் தரையில் கிடந்தன. விடுமுறைக்கு வந்திருந்த எட்டு வயதுப் பேத்தி அவற்றுள் ஒன்றை நான்கு நாளாகப் பார்த்து வந்திருக்கிறாள். அது வளர்வதைத் தன் ஏட்டில் வரைந்தும் வைத்திருக்கிறாள். அது கறுப்பும் மஞ்சளும் கலந்த அழகிய வண்ணத்துப்பூச்சியாக மாறும் என்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருந்தது. “பாட்டி, கோயிலுக்குப் போகும்போது எறும்பை மிதிக்காமல் நடக்கச் சொன்னீங்களே?” என்று கேட்டாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு விடை தெரியவில்லை. அன்று மாலை ஜினாலயத்தில் நின்றபோது என் கைகளே எனக்கு அயலாகத் தோன்றின. அந்த ஆண்டு முழுவதும் எலுமிச்சையை உணவில் விலக்கினேன். ஆனால், விலக்கியதனால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. மண்ணுக்கும் நீருக்கும் செடிக்கும் ஓரறிவு உண்டு என்று ஏற்ற நாம் தோட்டம் வைக்கலாமா? வைத்தால் புழுவை என்ன செய்வது?

நம் நூல்களைக் கற்ற பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காகப் பகுத்திருப்பதை நினைவூட்டினார். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. அதை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். சமையல், வீட்டுப் பணி, தொழில் ஆகியவற்றில் தவிர்க்க இயலாது நேர்வன ஏனையவற்றுள் அடங்கும். அவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். “மண்வெட்டியில் தற்செயலாக ஒரு மண்புழு அறுபட்டால் வருந்து, அடுத்தமுறை மெல்லத் தோண்டு. ஆனால், குப்பியைத் திறந்தபோது உன் எண்ணம் என்னவாக இருந்தது?” என்று கேட்டார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அன்று விளங்கியது.

அப்படியானால் தோட்டமே வேண்டா, சந்தையில் வாங்கிக்கொள்வோம் என்று சிலர் எண்ணலாம். நானும் எண்ணினேன். ஆனால், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றையும் நம் அறம் ஒருங்கே எண்ணுகிறது. சந்தைக் கத்தரிக்குப் பின்னாலும் ஒரு குப்பி உண்டு. அதைத் திறந்தது பிறர் கை, அந்தக் காட்சி நம் கண்ணில் படவில்லை, அவ்வளவே. வீட்டுத் தோட்டத்தில் மட்டும்தான் எந்த அளவில் தீங்கு நிகழ்கிறது என்பதை நாமே பார்க்கவும் குறைக்கவும் முடியும். அதனால்தான் தோட்டத்தைக் கைவிடாமல் முறையை மாற்றினோம்.

மாற்றிய முறைகளுள் சிலவற்றைச் சொல்கிறேன். ஆழக் கிளறுவதை விட்டோம். மூடாக்கு இட்டால் களை குறைகிறது, கொத்தவும் நீர் இறைக்கவும் வேண்டிய தேவையும் குறைகிறது. சருகுகளைக் கொளுத்துவதில்லை, அவற்றுள் எத்தனையோ உயிர்கள் வாழ்கின்றன. கொய்யாவுக்கும் பாகலுக்கும் பிஞ்சிலேயே பழைய மெல்லிய துணியால் பை தைத்துக் கட்டுகிறோம். பழ ஈ முட்டையிட இடமில்லை, கொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நீர்த்தொட்டியைத் துணியால் மூடுகிறோம். கொசு அதில் தோன்றுவதில்லை. தோன்றிய உயிரைக் கொல்வதைவிடத் தோன்றாதபடி முன்னரே பார்த்துக்கொள்வது நம் முன்னோர் நீரை வடிகட்டியதிலும் பொழுதோடு உண்டதிலும் கடைப்பிடித்த அதே நெறிதான்.

முருங்கையைத் தள்ளி வைக்கச் சொன்னதற்கும் காரணம் இதுவே. மழைக்காலத்தில் அதன் தண்டில் கம்பளிப்புழுக்கள் கூட்டமாகத் திரளும். வாசலோரம் இருந்தால் அஞ்சிப் பந்தம் கொளுத்தச் சொல்வார்கள். யாரும் நடமாடாத மூலையில் இருந்தால் சில வாரம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தாலே போதும்.

இயற்கை மருந்து என்று சொல்லப்படுபவை பற்றியும் ஒரு சொல். வேப்பெண்ணெயைத் தெளித்தாலும் பூச்சி மடியும். இயற்கை என்னும் பெயரால் இம்சை நீங்கிவிடாது. மண்ணுக்கும் நமக்கும் நஞ்சு குறைகிறது என்பது உண்மை. ஆகவே நாங்கள் அசுவினியை நீரைப் பீய்ச்சி உதிர்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பொறிவண்டுகள் வந்து தம் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. இதனால் விளைச்சல் குறைவதில்லையா என்று கேட்பீர்கள். குறைகிறது. சென்ற ஆண்டு வெண்டையில் ஒரு பகுதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதைக் கணக்கில் கொண்டே இப்போது சில செடிகளைக் கூடுதலாக விதைக்கிறோம்.

எதைப் பயிரிடுவது என்பதிலும் தெரிவு உண்டு. நாற்றுப்பண்ணையில் உடல்நலத்துக்கு நல்லதென்று அத்திக் கன்றைத் தருவார்கள். ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைக் கனிகளை நாம் விலக்குவது அவற்றினுள் சிற்றுயிர்கள் வாழ்வதால்தான். கிழங்குகளை விலக்கும் இல்லத்தார்க்குக் கொடிக்காய்களும் அவரை வகைகளும் பெருந்துணை. கீரையிலும் வேரோடு பிடுங்கும் முளைக்கீரையைவிட, கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் அரைக்கீரையும் பசலையும் பொன்னாங்கண்ணியும் எங்கள் பாத்தியில் மிகுதி.

எலுமிச்சைக்கு வருகிறேன். தோட்டத்தின் கோடியில் விதையிட்டு மூன்று எலுமிச்சைச் செடிகளை வளர்த்திருக்கிறோம். பேத்தி அவற்றுக்கு இட்ட பெயர் ‘புழுச்செடி’. பெரிய மரத்தின் துளிரில் புழுவைக் கண்டால் இலையோடு மெல்லக் கிள்ளி அந்தச் செடிகளில் கொண்டு சேர்க்கிறோம். மரம் இப்போது வளர்ந்துவிட்டது. பத்துப் புழுக்கள் தின்றாலும் அதற்குக் குறையில்லை. இளங்கன்றாக இருந்த இரண்டாண்டுகளுக்குத்தான் அந்தக் காவல் தேவைப்பட்டது. அந்த இரண்டாண்டு பொறுமைதான் அன்று என்னிடம் இல்லாமற் போயிற்று.

நம் இல்லங்களில் பொழுது சாய்வதற்குள் உண்ணும் வழக்கம் உண்டு. மாலை நான்கு மணிக்குக் கூடையோடு பின்கட்டுக்குச் சென்று, பறித்தவற்றை ஐந்து மணிக்குச் சமைத்து, ஆறு மணிக்குள் உண்டு முடிக்கிறோம். கை கழுவி மீண்டும் தோட்டத்துக்குச் செல்லும்போது பீர்க்கம் பூக்கள் மலரத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் அங்கே நாங்கள் பறிப்பதற்கு ஒன்றும் இல்லை; பார்ப்பதற்கு மட்டுமே உண்டு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பட்டத்திலும் நன்கு காய்த்த செடியில் ஒரு காயை மட்டும் பறிக்காமல் முற்றவிடுங்கள். வீரிய ஒட்டு விதையில் வந்த செடியின் விதை தாய்ச்செடியைப் போல் முளைக்காது. ஆகவே நாட்டு விதைகளையே தேடி வாங்குங்கள். முற்றிய விதையை நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து காத்து வையுங்கள். அடுத்த ஆண்டு இவ்விழாவுக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிடி விதையைக் கொண்டு வருவோம். இங்கே ஒரு மேசையிட்டு மாற்றிக்கொள்வோம். அறக்கட்டளையினர் இதற்கு இசைந்துள்ளனர். என் பங்குக்கு நாட்டு அவரை விதை கொண்டு வருகிறேன். யாரேனும் நல்ல புடல் விதை கொண்டு வந்தால் நன்றியோடு பெற்றுக்கொள்வேன்.

புது வீடு கட்டிக்கொண்டிருப்போர் இன்றே சென்று கலவை எங்கே குழைக்கிறார்கள் என்று பாருங்கள்.